வெயிட்டிங் லிஸ்ட் என்று சொல்லாமல் விற்கும் கப்பல்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். படிக்காமலேயே கும்பிடு போடும் படத்தைப் போட்டுவிட்டு நகர்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப குரூப்பில் யாரோ ஒரு சொகுசுக் கப்பல் விளம்பரத்தைப் போட்டார்கள். பேச்சு 2022-ல் என் தம்பி குடும்பத்துக்கு நடந்ததற்குப் போனது. "கப்பல்ல போக முடியலைங்கறதெல்லாம் ஒரு கவலையா அத்தை? பணம்தான் திரும்பி வந்துடுச்சே" என்று ஒருவர் எழுதினார். சிரிப்புப் பொம்மை ஏழெட்டு விழுந்தது. அதே விஷயத்தை இங்கே இரண்டு வரியில் எழுதியபோது, பயண ஏஜென்சி நடத்தும் என் பழைய மாணவன் ஒருவன், "அது கம்பெனி ரூல் டீச்சர். டிக்கெட்லயே எழுதியிருக்கும். அந்தத் தொழிலே அப்படித்தான்" என்றான். இருவருக்கும் சேர்த்து இந்தப் பதில்.

முதலில் கப்பல் "நிரம்பிவிட்டது" என்றால் என்ன என்று பார்ப்போம். இந்தத் தொழிலில் ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கு. 2,000 கேபின் இருந்தால் 4,000 பேர், அதுதான் 100 சதவீதம். ஆனால் பல கேபின்களில் சோபாவை விரித்தால் மூன்றாவது ஆள் படுக்கலாம். சுவரில் மடக்கி வைத்த பெர்த்தை இறக்கினால் நான்காவது ஆளுக்கும் இடம் உண்டு. அதனால் பிள்ளைகளோடு குடும்பங்கள் கிளம்பும் விடுமுறைக் காலத்தில் கப்பல் 105 சதவீதம், 110 சதவீதம் என்று ஓடுவது அங்கே சாதாரணம். (நூற்றுக்கு நூற்றுப்பத்து மார்க் வாங்கியதாக என்னிடம் யாரும் வந்து சொன்னதில்லை. கப்பல் கம்பெனி சொல்கிறது.) இதற்கும் மேலே ஓர் உச்சவரம்பு இருக்கிறது. உயிர்காக்கும் படகுகளில் இடம் இருக்கிற அளவுக்குத்தான் ஆளை ஏற்றலாம். டைட்டானிக் 1912-ல் மூழ்கியபோது அதில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் படகில் இடம் இருந்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகு 1914-ல் உலக நாடுகள் கூடிச் செய்த உடன்பாட்டிலிருந்து வளர்ந்த விதி இது. ஆகவே கேபின் காலியாக இருந்தாலும் படகுக் கணக்கு முடிந்துவிட்டால் "இடமில்லை"தான். இந்த விதியில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை அடுத்த படியில் இருக்கிறது. சொகுசுக் கப்பலில் முன்பதிவு ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடும். சிறு முன்பணம் கட்டி இடம் பிடிக்கலாம். முழுத்தொகையைப் பெரும்பாலும் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு கட்ட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பலர் மனம் மாறி விலகுவார்கள். அந்த விலகலை முன்கூட்டியே மதிப்பிட்டு, இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விற்று வைப்பார்கள். குறிப்பாக "கேரண்டி" என்று ஒரு வகை டிக்கெட் உண்டு. விலை கொஞ்சம் குறைவு, ஆனால் கேபின் எண் தர மாட்டார்கள். இந்த வகையில் அல்லது இதைவிட நல்ல வகையில் ஒரு கேபின் நிச்சயம், எண்ணைப் பிறகு சொல்கிறோம் என்பார்கள். எண் இல்லாத டிக்கெட்டை எத்தனை வேண்டுமானாலும் விற்கலாம் அல்லவா? பெயர் மட்டும் கேரண்டி.

சாதாரணக் காலத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்துவிடும். எதிர்பாராமல் கப்பலின் கொள்ளளவு குறையும்போதுதான் சாயம் வெளுக்கிறது. குறைவதற்குக் காரணங்கள் பல. அரசு உத்தரவு, ஊழியர் பற்றாக்குறை, நோயாளிகளைத் தனிமைப்படுத்த ஒதுக்கிவைத்த கேபின்கள், பெரிய கப்பலுக்குப் பதில் சிறிய கப்பலை மாற்றிவிடுவது. 2021-ல் கொரோனாவுக்குப் பிறகு இங்கிலாந்தில் உள்நாட்டுக் கப்பல் பயணம் மறுபடி தொடங்கியபோது, பாதிக் கொள்ளளவு அல்லது 1,000 பேர், இதில் எது குறைவோ அதுதான் அனுமதி என்றது அரசு. நான்காயிரம், ஐயாயிரம் பேரை ஏற்றும் கப்பலுக்கும் அதே ஆயிரம்தான். அமெரிக்காவில் அதே ஜூன் 26-ஆம் தேதி ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கட்டணப் பயணிகளோடு முதலில் கிளம்பிய "செலிப்ரிட்டி எட்ஜ்" பாதிக்கும் குறைவான பயணிகளோடு போனது. 2022-ல் ஹவாய் தீவுகளைச் சுற்றும் "பிரைட் ஆஃப் அமெரிக்கா" ஆள் பற்றாக்குறையால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு ஓடியது. அமெரிக்கக் கொடி கட்டிய கப்பல் என்பதால் அதில் வேலை செய்பவர்கள் பெரும்பான்மையோர் அமெரிக்கர்களாக இருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து அவசரத்துக்கு ஆள் கொண்டுவர முடியாது.

ஊழியர் பற்றாக்குறை என்று சொல்லும்போது ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது வானத்திலிருந்து விழுந்த மழை இல்லை. 2020-ல் கப்பல்கள் நின்றபோது பல்லாயிரம் ஊழியர்கள் இறங்கத் துறைமுகம் இல்லாமல் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் நாட்டுப் பிள்ளைகள். பலர் சம்பளமில்லாமல் கிடந்தார்கள். அப்படிக் கிடந்து ஊர் போய்ச் சேர்ந்தவன், மறுபடி கூப்பிட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவானா?

சரி, கொள்ளளவு குறைந்துவிட்டது. 3,000 பேருக்கு விற்றாகிவிட்டது, 2,400 பேரைத்தான் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு பேர் இறங்க வேண்டும். யார் அந்த அறுநூறு? இந்தப் பதிவின் கேள்வியே இதுதான்.

கம்பெனிகள் செய்வது இது. முதலில் சத்தமில்லாமல் விற்பனையை நிறுத்துவார்கள். பிறகு தேர்ந்தெடுத்த சிலருக்கு மின்னஞ்சல் போகும். வேறு தேதிக்கு மாறிக்கொள்ளுங்கள், கப்பலில் செலவழிக்க இவ்வளவு டாலர் தருகிறோம், அல்லது பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பயணத்துக்குச் சலுகையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. விரும்பி மாறுகிறவர்கள் மாறட்டும், அது நியாயமான முறைதான். இரண்டு மணி நேரம் கார் ஓட்டித் துறைமுகத்துக்கு வரக்கூடியவர்களுக்கு அது லாபமாகக்கூட இருக்கும். ஆனால் விரும்பி மாறுகிறவர்கள் போதாமல் போனால்? அப்போது வருவது கேள்வி கேட்கும் கடிதம் இல்லை. "வருந்துகிறோம், உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது" என்ற கடிதம். உன்னை ஏன் எடுத்தோம், பக்கத்துக் கேபின்காரரை ஏன் விட்டோம் என்பதற்கு அதில் ஒரு வரி இருக்காது. கடைசியில் வந்தவரா, மலிவாக வாங்கியவரா, முதல்முறை வருகிறவரா, கேபின் எண் இல்லாதவரா? ஒன்றும் தெரியாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி யார் என்பதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள்.

தம்பி வீட்டில் நடந்தது இதுதான். தம்பிக்கு அறுபது முடிந்த வருடம். அமெரிக்காவில் இருக்கும் மகள், அப்பா அம்மாவுக்கு ஓர் ஆசை என்று பத்து மாதம் முன்பே இரண்டு கேபின் போட்டாள். தனக்கும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. பெற்றோருக்குப் போட்டது "கேரண்டி". கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது பெற்றோரின் கேபின் மட்டும் ரத்து என்று கடிதம் வந்தது. மகளின் கேபின் அப்படியே இருக்கிறதாம்! அறுபது வயது அப்பா அம்மாவைக் கரையில் விட்டுவிட்டு இவள் பிள்ளைகளோடு கப்பலில் போய் நடனம் பார்க்க வேண்டுமா? "சரி, எங்கள் கேபினையும் ரத்து செய்யுங்கள்" என்றால், அது நீங்களாகச் செய்யும் ரத்து, இந்த நேரத்தில் விலகினால் கட்டணத்தில் பெரும்பகுதி போய்விடும் என்று பதில். மூன்று நாள், ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் தொலைபேசியில் காத்திருந்து, அழுது, சண்டை போட்டு, கடைசியில் யாரோ ஒரு மேலதிகாரி மனமிரங்கி அந்தப் பணத்தையும் திருப்பினார். துறைமுக நகரத்துக்கு வாங்கிய ஆறு விமான டிக்கெட்டும், ஓட்டல் முன்பணமும் போனது போனதுதான். ஆறுதலுக்கு ஒரு சலுகைச் சீட்டு, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று. அடுத்த வருடத் தொடக்கத்தில் தம்பி மனைவிக்கு டயாலிசிஸ் ஆரம்பமாகிவிட்டது. உறவுகளுக்கு இது தெரியும். அந்தச் சீட்டு யாருக்குப் பயன்பட்டது?

"பணம்தான் திரும்பி வந்துடுச்சே" என்ற என் அருமை உறவுக்கு: கடையில் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்குவது போல இல்லை இது. பள்ளி லீவு, அலுவலக லீவு, விசா, விமானம், வயதானவர்களின் உடம்பு எல்லாவற்றையும் ஒரு தேதியில் கட்டி வைத்திருக்கிறோம். கம்பெனி திருப்பித் தருவது அதில் ஒரு துண்டை. அதுவும் நம் பணத்தையே, மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு.

இப்போது என் மாணவனுக்கு வருகிறேன். "தொழிலே அப்படித்தான்" என்றாய். விமானக் கம்பெனியும் கூடுதலாக விற்கிறது, உண்மை. ஆனால் அங்கே சட்டம் இருக்கிறது. நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிப்படி, இருக்கை போதாவிட்டால் முதலில் தாமாக விலகத் தயாரானவர்களைக் கேட்க வேண்டும். மனமில்லாதவரை இறக்கினால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால் இழப்பீடு. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் ஒருவழி அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, உச்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதமானால் நான்கு மடங்கு, உச்சம் 20,000. ஐரோப்பாவில் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ. அமெரிக்காவிலும் தாமதத்துக்கு ஏற்ப இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கணக்கு உண்டு. அதோடு, யாரை முதலில் இறக்குவோம் என்ற வரிசையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அமெரிக்க விதி.

அதே அமெரிக்காவில் கப்பலுக்கு என்ன இருக்கிறது? அங்குள்ள கடல்சார் ஆணையம் 2022-ல் ஒரு விதி கொண்டுவந்தது. நல்ல விதி, கொரோனாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தது. பயணம் ரத்தானாலோ மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதமானாலோ, பயணி கேட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், ரத்தென்றால் 60 நாளுக்குள். ஆனால் கவனித்துப் படியுங்கள். அது பேசுவது கிளம்பாத கப்பலைப் பற்றி, தாமதமான கப்பலைப் பற்றி. குறித்த நாளில் கிளம்பிப் போய்விட்ட கப்பலில், நம்மை மட்டும் கரையில் விட்டால்? கட்டாயமாக இறக்கியதற்கு இழப்பீடு என்று விமானத்தில் இருப்பது போல அங்கே எதுவும் இல்லை. ஐரோப்பாவின் கடற்பயணிகள் உரிமைச் சட்டமும் 2010-லேயே வந்தது. மாற்றுப் பயணம், தாமத இழப்பீடு பற்றிய பிரிவுகள் உல்லாசக் கப்பலுக்குப் பொருந்தாது என்று அதிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே தொகுப்புச் சுற்றுலாச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவே.

இன்னொன்று, இது எனக்கு முக்கியம். விமானக் கம்பெனி சொல்லும் சாக்கு, டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் கடைசி நேரத்தில் வரமாட்டார்கள் என்பது. கப்பலுக்கு இந்தச் சாக்கு எவ்வளவு பொருந்தும்? மூன்று மாதம் முன்பே முழுப்பணமும் கம்பெனி கையில். கடைசி இரண்டு வாரத்தில் நான் விலகினால் பெரும்பாலான கம்பெனிகளில் எனக்கு ஒரு காசு திரும்ப வராது. அதே இரண்டு வாரத்தில் கம்பெனி என்னை விலக்கினால் என் காசை மட்டும் திருப்பித் தந்தால் போதும். நான் வாக்குத் தவறினால் அபராதம், அவர்கள் தவறினால் வருத்தக் கடிதம். கையில காசு வாயில தோசை என்பார்கள். இங்கே காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு மாவு தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

"டிக்கெட்லயே எழுதியிருக்கும்." எழுதியிருக்கிறது, நானும் படித்தேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள்தான், வக்கீல் இல்லை. ஆனாலும் படிக்கத் தெரியும். எந்தக் காரணத்துக்காகவும் பயணத்தை மாற்றலாம், கப்பலை மாற்றலாம், முன்பதிவை ரத்து செய்யலாம் என்ற பொருளில் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக இருக்கிறது. எழுதியவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர், ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லி அவரால் கேட்க முடியாது. நான் தேர்வுத் தாளின் கடைசியில், "ஆசிரியர் விரும்பினால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம்" என்று பொடியாக அச்சடித்திருந்தால் நீங்களெல்லாம் சும்மா இருந்திருப்பீர்களா? உன் அப்பா முதல் ஆளாக ஸ்கூலுக்கு வந்திருப்பார்.

நாம் நாள்தோறும் திட்டித் தீர்க்கும் நம்முடைய ரயில்வேயைப் பாருங்கள். இருப்பதைவிட அதிகமாக அதுவும் டிக்கெட் தருகிறது. ஆனால் எப்படித் தருகிறது? வெயிட்டிங் லிஸ்ட் 23 என்று முகத்துக்கு நேரே அச்சடித்துத் தருகிறது. 23 பிறகு 11 ஆகும், அப்புறம் ஆர்.ஏ.சி. ஆகும், பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இன்னொருவரோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாவது ஊர் போய்ச் சேரலாம். சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டின் பணம் தானாக வந்துவிடும். நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரியும். அதைப் பார்த்துத்தான் பஸ்ஸிலும் ஒரு டிக்கெட் போட்டு வைப்போம். நூற்றுப் பத்து ரூபாய்க்கு டிக்கெட் எடுக்கிறவருக்குச் சொல்லும் உண்மையை, ஆயிரக்கணக்கான டாலர் கட்டுகிறவருக்குச் சொல்ல இவர்களுக்கு என்ன தயக்கம்? தொழில்நுட்பம் இல்லையா, மனம் இல்லையா?

கம்பெனி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2020-ல் கார்னிவல் குழுமம் ஒன்றுக்கே ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நோய் அவர்கள் கொண்டுவந்தது இல்லை, அரசு உத்தரவை மீறவும் முடியாது. ஆனால் அதே காலத்தில் சிங்கப்பூரில் என்ன செய்தார்கள்? 2020 நவம்பரில் "வேர்ல்ட் டிரீம்" கப்பல் எந்த ஊருக்கும் போகாமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களைத் தொடங்கியபோது, பாதிக் கொள்ளளவுதான் என்று முதலிலேயே வரம்பு வைத்தார்கள். வரம்பு முதலில், விற்பனை பிறகு. எத்தனை பேருக்கு இடம் என்பது தெரிந்த பிறகு விற்றால் யாரையும் இறக்க வேண்டியதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் முழுக் கப்பலையும் விற்று வைப்பது ஒரு சூதாட்டம். ஆடட்டும். ஆனால் பந்தயத்தில் வைப்பது நம் காசையும் நம் லீவையும் அல்லவா?

சலுகைச் சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொரோனா நேரத்தில் பல கம்பெனிகள், பணமாக வேண்டுமென்றால் நூறு, சீட்டாக எடுத்துக்கொண்டால் நூற்று இருபத்தைந்து என்று ஆசை காட்டின. பலர் சீட்டு வாங்கினார்கள். சீட்டு என்பது பணம் இல்லை, கம்பெனிக்கு நாம் வட்டியில்லாமல் கொடுக்கும் கடன். அந்த "வேர்ல்ட் டிரீம்" கப்பலை வைத்திருந்த கெந்திங் ஹாங்காங் நிறுவனமே 2022 ஜனவரியில் திவாலாகிக் கலைப்புக்குப் போனது. அதே குழுமத்தின் கிரிஸ்டல் குரூசஸ் அமெரிக்காவில் கடையைக் கட்டியது. பணம் கட்டிக் காத்திருந்த பயணிகள், கடன்காரர்கள் வரிசையில் நின்று விண்ணப்பம் எழுத வேண்டியதாயிற்று. கப்பலுக்காக நின்ற வரிசை வேறு, இந்த வரிசை வேறு.

"பணக்காரர் பிரச்சினை" என்று சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பலில் போகிறவர்களெல்லாம் கோடீஸ்வரர்கள் இல்லை. கேரண்டி டிக்கெட் எடுப்பவர் யார்? சேமித்துச் சேமித்து, வாழ்க்கையில் ஒருமுறை என்று போகிறவர். பால்கனி வைத்த பெரிய அறையை எண்ணோடு வாங்குகிறவருக்கு அவருடைய எண் பத்திரமாக இருக்கிறது. இப்போது சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் சுற்றுலா வந்துவிட்டது, நம் ஊர் ஓய்வூதியக்காரர்கள் குழுவாகப் போகிறார்கள். நாளைக்கு உங்கள் அம்மா அப்பாவுக்கே நீங்கள் போடுவீர்கள்.

நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. கூடுதலாக விற்றிருந்தால் அந்த டிக்கெட்டில் அதைச் சொல்லட்டும், ரயில்வே சொல்வது போல. ஆள் குறைக்க நேர்ந்தால் முதலில் எல்லோரையும் கேட்கட்டும், தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் இல்லை. போதுமானவர்கள் முன்வரும் வரை தொகையை ஏற்றிக்கொண்டே போகட்டும், முன்வருவார்கள். அதற்கும் மேல் ஒருவரை இறக்கியே ஆக வேண்டுமென்றால், எந்த வரிசையில் என்பது டிக்கெட் விற்கும் முன்பே அச்சில் இருக்கட்டும். ஒரே குடும்பமாகப் பதிவு செய்தவர்களைப் பிரிக்கக் கூடாது. இறக்கியவரின் விமானச் செலவும் ஓட்டல் செலவும் கம்பெனி தலையில். சலுகைச் சீட்டு வேண்டுமா, ரொக்கம் வேண்டுமா என்பது பயணியின் விருப்பம்.

சட்டம் வரும்வரை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போது நூறு டாலர் கூடினாலும் பரவாயில்லை, கேபின் எண்ணோடு வாங்குங்கள். இரண்டு கேபின் என்றால் இரண்டையும் இணைத்துப் பதிவு செய்யச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமான டிக்கெட்டை ரத்து செய்யக்கூடிய வகையில் எடுங்கள். பயணக் காப்பீட்டில் "கப்பல் நிறுவனமே முன்பதிவை நீக்கினால்" என்று இருக்கிறதா என்று கேளுங்கள், பல பாலிசிகளில் அது இருக்காது. மாற்றிக்கொள்ளச் சொல்லி மின்னஞ்சல் வந்தால் உடனே சரி என்று அழுத்தாதீர்கள். விமானச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் அடிக்கப் போவதில்லை.

ஏஜென்சி நடத்தும் என் மாணவனே, உன் மேல் கோபம் இல்லை. நீ விற்கும் கேரண்டி டிக்கெட்டில், "இதில் உங்களை இறக்க வாய்ப்பு உண்டு" என்று வாடிக்கையாளரிடம் வாயால் சொல்கிறாயா? ஆம் என்றால் கீழே எழுது, எல்லோரும் பார்க்கட்டும். இல்லை என்றால், ஏன் சொல்வதில்லை என்றாவது எழுது.